கருந்துளையின் இழுவை

1979 ஆவணி, வெள்ளி இரவு, கிண்ணியா

என் மூத்த மகன்மார் இருவரும் கொழும்பில் கடை வேலையில். இன்று சேர்ந்து உண்ணும் ஒரே சஹன் தட்டில் நானும் சின்னவனும்தான் சோற்றுக்கு உட்கார்ந்தோம். வானத்தில் கருந்துளை என்று ஒன்று நட்சத்திரங்களை விழுங்குகிறதாம். படித்ததைச் சொன்னான்.

"நிரம்பினா நிண்டுரும்தானே?" என்றேன்.

"இல்ல வாப்பா. விழுங்க விழுங்கப் பாரம் கூடும். பாரம் கூடினா இழுவையும் கூடும். ரெண்டு துளை சேந்தா ஒண்டாகி இன்னும் பெருக்கும்."

"வயிறு நிறையாத சாதி. உன்னப் போல."

சிரித்தான். பிறகு சோற்றைப் பார்த்தபடி, "மூத்த காக்காமார் ரெண்டு பேரும் கொழும்புக்கு வரச் சொல்றாங்க வாப்பா. நானும் போகட்டா?" என்றான்.

ஒருவன் போனபோது கொழும்புக்கு இவ்வளவு இழுவை இல்லை. இருவர் போனதும் கூடிவிட்டது.

ஏலாது, போகாதே என்று வாய்வரை வந்தது. என் பக்கத்து மீன் துண்டை அவன் பக்கம் தள்ளினேன், இந்தத் தட்டுக்கும் கொஞ்சம் இழுவை இருக்கட்டும் என்று. அதையும் தின்றான்.