கோடாலிக்கு வந்த பதில்

பிப்ரவரி 6, 2024

சேத்தூருக்கு மேற்கே கிடக்கும் நம் மாந்தோப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். தோப்பு என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. என் வீட்டுக்காரி பாலம்மாள் செத்துப் பத்து வருஷம். அன்றோடு உழவும் தண்ணீரும் நின்றன. மலைக்காடு கீழே இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டது. ஜேசிபி விட்டு வழித்துத் தென்னை வைக்கலாம் என்கிறான் மகன் ராம்குமார். சரி என்றேன். பாலம்மாள் கையால் வைத்த மாமரங்களை மட்டும் விட்டுவிட வேண்டும்.

பிப்ரவரி 8

மாமரங்களுக்குச் சுண்ணாம்பு அடையாளம் போடப் போனேன். காட்டு மரங்கள் கண்டபடி முளைக்கவில்லை. அவள் கயிறு பிடித்து வைத்த அதே வரிசை. ஒவ்வொரு மாமரத்தைச் சுற்றியும், அவள் வெட்டிய வட்டப்பாத்திக்குள், நாவலும் வேம்பும் நெருக்கியடித்து நிற்கின்றன. நடுவிலெல்லாம் வெறும் புல்.

மாமரத்தில் உட்கார்ந்த பறவைகள் எச்சம் போட்டிருக்கும். அவ்வளவுதான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பாத்தி மண்ணைத் தொட்டேன். ஈரம். மழை பெய்து எம்புட்டு நாளாச்சு?

பிப்ரவரி 9

பக்கத்து எலுமிச்சைத் தோட்டத்து ஞானரத்தினம் அண்ணாச்சியிடம் விசாரித்தேன். "மோட்டாரே இல்லாத தோப்புல எவன்யா தண்ணி பாய்ச்சுவான்? நீரு வெயில்ல அலையாதேயும்."

பிப்ரவரி 10

அவள் முதன்முதலாக வைத்த மூத்த மாமரம் பூக்கவே இல்லை. காய்க்காத மரத்தை மிரட்டுவது எங்கள் பழக்கம். நான் கோடாலியை ஓங்கி, "காய்க்கியா, வெட்டவா?" என்பேன். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பாலம்மாள், மரத்துக்காக, "வெட்டாதிய, வார வருசம் காய்ச்சிருதேன்" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பை அடக்கமாட்டாள்.

இன்று தனியாக ஓங்கிவிட்டேன். பதில் சொல்ல ஆள் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. பறவைகளெல்லாம் வாயை மூடிக்கொண்டன. நானும் காத்திருந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 12

ஜேசிபி ஓட்டும் விக்னேஷ்வரன் இடம் பார்க்க ஆலங்குளத்திலிருந்து வந்தான். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தான்.

"உள்ள ஒரு அம்மா இருக்காக. 'வெட்டாதிய'ங்காக. அவுகள மொதல்ல அனுப்புங்க, பொறவு வண்டிய எறக்குதேன்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. எங்கள் மிரட்டல் கதை அவனுக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரி 13

தூக்கமில்லை. பயம் இல்லை, ஆத்திரம். நேத்து வந்த பயலுக்குக் கேக்குது, எனக்குக் கேக்கலையே. ஏட்டி, ஒனக்கு நான் என்ன செஞ்சேன்?

பிப்ரவரி 17

ராம்குமார் நம்பவில்லை. வேறு வண்டி கொண்டுவருகிறானாம்.

பிப்ரவரி 19

விடிந்ததுமே போய் மூத்த மரத்துக்குப் பின்னால், அவள் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டேன். வேலியோரம் வண்டி வந்து உறுமியது. "அப்பா, வெளிய வாங்க. வெட்டப் போறோம்."

"வெட்டாதிய, வார வருசம் காய்ச்சிருதேன்." வாயில் தானாக வந்துவிட்டது. பெற்ற மகனிடம் 'வெட்டாதே' என்னாமல் 'வெட்டாதிய' என்று இவ்வளவு மரியாதை.

வண்டி அணைந்தது. மரங்களை விலக்கிக்கொண்டு ராம்குமார் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, ஒங்ககூடச் சேந்து சொன்னது யாரு?"

எனக்கு என் குரல் மட்டும்தான் கேட்டது. வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

ஜூன் 29, 2025

மூத்த மரம் இந்த வருஷமும் காய்க்கவில்லை. அதன் பாத்திக்குள் நிற்கும் நாவல் காய்த்திருக்கிறது, முதல் காய்ப்பு. தரையெல்லாம் பழம். ஒன்றை எடுத்து ஊதி வாயில் போட்டேன்.

மரத்துக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். இந்தத் தடவை எனக்குக் கேட்டது.