துணை என்ற கட்டம்

என் அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சமையலறை விளக்கைப் போட்டால் அம்மாவின் கட்டிலில் வெளிச்சம் விழும். அதனால் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னித்துக்கொள்.

முதலில் ஒரு செய்தி. பதறாதே. மூன்று மாதத்துக்கு முன் அம்மா படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இன்னும் நடக்க முடியவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வருவதற்கே நான் தாங்கிப் பிடிக்க வேண்டும். "அவளுக்குச் சொன்னே, அப்புறம் எங்கிட்டப் பேசாதே" என்று என்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அப்பா லாரியோடு போய்ப் பத்து நாளாகிறது. எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியவில்லை.

இங்கே மழை விட்டபாடில்லை. ஆறு நம் தெருமுனைச் சுவரின் பாதி வரை வந்துவிட்டது. மேலே அணையைத் திறந்தால் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிடும் என்கிறார்கள். நம் வீடு தரைத்தளம் என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் நம் பிரார்த்தனைக் கூடத்தில் இந்த வருஷம் எல்லா வீட்டுக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். வீட்டில் எத்தனை பேர், நடக்க முடியாதவர் யார், மருந்து என்ன, பத்திரங்களை எந்தப் பையில் வைத்திருக்கிறார்கள், வெளியூரில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், எல்லாம் எழுத வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மாதிரி அட்டையை என்னை எழுதச் சொன்னார் போதகர். 'ஆபத்தில் துணைக்கு வருபவர் பெயர்' என்று ஒரு கட்டம். இடம் போதவில்லை என்று நான் 'துணை' என்று மட்டும் எழுதிவிட்டேன். அதையே பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

நாற்பது அட்டை திரும்பி வந்தது. முப்பத்தொன்றில் துணை: ஆண்டவர்!

போதகர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஆண்டவர் துணைதாம்மா, யார் இல்லேன்னா? ஆனா பாட்டியத் தூக்கிட்டு மாடி ஏற ரெண்டு கை வேணுமே!" என்றார். தையற்கடைக்காரர் 'என் மனைவி' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே அவர் மனைவி, 'இவரை என்னால் தூக்க முடியாது, வேறு ஆள் பார்க்கவும்' என்று எழுதியிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. பிறகு நாங்கள் வீடு வீடாகப் போய்த் திருத்தி வாங்கினோம். திருத்தாமல் இருப்பது ஒரே ஓர் அட்டை. நம்முடையது. "நான் எழுதினது எழுதினதுதான், யார் கால்லயும் விழ மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

உன் மாமனாரின் அட்டையை வாங்கப் போனதும் நான்தான். வெளியூர்த் தகவலுக்கு உன் முகவரி இருந்தது. அங்கேயே நின்று மனப்பாடம் செய்துகொண்டேன். தொலைபேசி எண்ணும் இருந்தது. ஆனால் வீட்டிலுள்ள ஒரே போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. 'யாருக்கு உதவ முடியும்?' என்ற இடத்தில் அவர் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். 'எதிர்வீடு. கேட்டால்.'

நீ போன பிறகு அம்மா வாயில் 'எதிர்வீடு' என்பது 'எதிரிவீடு' என்றுதான் வருகிறது. அவளாவது, கேட்பதாவது.

நானே உன் மாமனாரிடம் கேட்டுப் பார்த்தேன் அக்கா. பட்டறையில் கதவுப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகத்தான் கேட்டார். "நீ சின்னப் பொண்ணும்மா. வீட்டுல பெரியவங்க ஒரு வார்த்தை சொல்லணும். பையன் பொண்ணக் கூட்டிட்டுப் போனான், அப்பன் வாசப்படி ஏறி வந்துட்டான்னு உங்கம்மா என்னப் பேசினா நான் எங்க போய் மூஞ்சிய வெச்சுக்கறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடந்தது. மணி அடித்ததும் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கூடத்தின் மாடிக்குப் போக வேண்டும். நான் அம்மாவைத் தூக்கிப் பார்த்தேன். நாற்காலி வரை கொண்டுவந்துவிட்டேன். வாசல் தாண்ட முடியவில்லை. அவளுக்கு வலி தாங்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் அழுதேன். எதிரே பட்டறை வாசலில் உன் மாமனார் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கால் தெருவில் இருந்தது. அம்மா என்னைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டாள்.

சாத்திவிட்டு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெஜமா மணி அடிச்சா நீ பையத் தூக்கிட்டு ஓடிடணும். திரும்பிப் பாக்கக்கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள். மாட்டேன் என்றேன். விடவில்லை. கடைசியில் சத்தியம் பண்ணிவிட்டேன். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தெருவில் சைக்கிள் மணி அடித்தால்கூட வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன். கணக்குப் பரீட்சையில் பாதி எழுதவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன் அக்கா. வீட்டில் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதானே அவர் சொன்னார்? நீ இந்த வீட்டுக்கு மூத்தவள். அம்மா உன்னை வேண்டாம் என்று சொன்னாலும் அது மாறிவிடுமா? நீ கேட்டால் இந்த வீடு கேட்ட மாதிரிதான். கடிதம் கிடைத்த உடனே உன் மாமனாருக்குப் போன் செய். மணி அடித்தால் யாரையும் எதிர்பார்க்காமல் உள்ளே வந்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகச் சொல். திட்டுவாள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொல். வாசல் கதவுக்கு இனிமேல் உள்தாழ்ப்பாள் போட மாட்டேன் என்றும் சொல்.

நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் தபாலில் சேர்ப்பேன். மூன்று நாளாகுமாம். அதுவரை மழை பொறுக்க வேண்டும்.

நீயும் அத்தானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். அம்மா வாய்விட்டுச் சொல்லமாட்டாள், ஆனால் அவளும் வேண்டிக்கொள்கிறாள், உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன். அவளுக்காகக் கேட்க மனசு வராவிட்டால் எனக்காகக் கேள். அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றப் போவதில்லை.

உன் தங்கை