கடவாய்ப் பல்லும் கிராஃபிக்ஸ் கார்டும்

அன்பு மகள் வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, உன் அண்ணன் வீட்டிலும் எல்லோரும் சௌக்கியம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, கப்பல் இரும்பைத் தட்டும் சத்தத்துக்குக் காதில் பஞ்சாவது வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறாய் என்ற நம்பிக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசாமல் எதற்கு மெயிலில் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ நாலு வரி சொல்லி வைத்துவிடுகிறாய். இதில் குறுக்கே பேச முடியாது. முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் வாயைத் திற. இதை எதில் அடிக்கிறேன் தெரியுமா, கல்லு மாதிரி கனக்கிறது, என்னால் தூக்க முடியாது என்று நீ விட்டுவிட்டுப் போன உன் கேம் லேப்டாப்பில்தான். கீபோர்டுக்கு அடியில் சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது, அதை எப்படி அணைப்பது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே, ஓட்டை வாய் என்று தெரிந்துதானே அவனிடம் போய்ச் சொன்னாய். "அம்மாவுக்கு லேப்ல வேலை போகப்போகுது, இந்த வயசுல கம்ப்யூட்டரெல்லாம் அவங்களால முடியாது, நான் பயிற்சியைப் பாதியில விட்டுட்டு வந்துடுறேன், டிக்கெட் பார்த்தாச்சு" என்று சொன்னாயாமே. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. கோபம்தான் இன்னும் இருக்கிறது. கப்பல் கட்டும் இடத்தில் பெண் பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் வாயையெல்லாம் அடைத்துவிட்டுப் போனவள் நீ. அந்த இடத்தை என் பெயரைச் சொல்லி விட்டுவிட்டு வருவாயா? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எங்கள் பல் லேபில் இத்தனை வருஷமும் நான் மெழுகில்தான் பல் செதுக்கினேன், டாக்டர் அளவெடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, கேப் போடவேண்டிய பல்லை மெழுகில் செய்து கொடுப்பேன். இப்போது டாக்டர்கள் அச்சு எடுப்பதில்லை, வாய்க்குள் ஸ்கேன் செய்து படமாக அனுப்பிவிடுகிறார்கள், அதைக் கம்ப்யூட்டரில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பல்லை உருவாக்கினால் மெஷின் கடைந்து தந்துவிடுகிறது. முதலாளியம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். "மெழுகு டேபிளை இந்த மாசத்தோட எடுக்குறோம். உங்களை அனுப்ப எனக்கு மனசில்லை. ஒரே ஒரு கேஸ் கம்ப்யூட்டர்ல தனியா முடிச்சுக் குடுங்க, டாக்டர் ஏத்துக்கிட்டா ஸ்கேன் டேபிள் உங்களுக்கு" என்றார்கள். நியாயமான பேச்சு. லேபில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டரிலும் எப்போதும் ஆள் இருந்துகொண்டே இருக்கும், அதனால் சாஃப்ட்வேரை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகிக்கொள்ள அனுமதி வாங்கினேன். பெரிய படத்தைத் தாங்குகிற கம்ப்யூட்டர் வேண்டும் என்றார்கள். உன்னுடையதைத் தவிர இந்த வீட்டில் வேறு எது இருக்கிறது?

முதல் நாளே அது என்னைப் படுத்த ஆரம்பித்தது. கடவாய்ப் பல் ஒன்றைத் திரையில் கொண்டுவந்து, மேட்டையும் பள்ளத்தையும் சரி பண்ணி, கடி சரியாக விழுகிறதா என்று லேசாகத் திருப்புவேன், அவ்வளவுதான், படம் அப்படியே உறைந்துவிடும். கிராஃபிக்ஸ் டிரைவர் பழையது, புதுப்பிக்கவும் என்று ஒரு பெட்டி வரும். செய்ததெல்லாம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. டிரைவர் என்றால் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் மற்ற புரோகிராம்களுக்கும் நடுவில் நின்று பேசிக்கொடுக்கிற ஒரு சின்னப் புரோகிராம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நீ போன பிறகு இதை யாரும் தொடவில்லை இல்லையா, அது உன் காலத்திலேயே நின்றுவிட்டது. உன்னிடம் கேட்டதற்கு, "அம்மா, நீ ஒண்ணும் தொடாதே, நான் இங்கேயிருந்து உள்ளே நுழைஞ்சு சரி பண்றேன்" என்றாய். அப்புறம் நீ கப்பல் வயிற்றுக்குள் போய்விட்டாய், அங்கே சிக்னல் கிடையாது, வெளியே வந்தால் தூங்கிவிடுகிறாய். குறையாகச் சொல்லவில்லை. எனக்குக் காத்திருக்க நேரமில்லை, அவ்வளவுதான்.

லேப்டாப்பைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். லேபில் போடுகிற கண்ணாடிதான், அது எதற்கெல்லாம் உதவுகிறது பார். கம்பெனி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, சரியான டிரைவரைத் தேடி இறக்கினேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஓடுறதைப் போய் எதுக்கு நோண்டுறே?" என்றார். "எங்கே ஓடுது? அதுதான் நிக்குதே" என்றேன். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பச்சைக் கோடு பாதி வந்திருக்கும், திரை சட்டென்று கருப்பாகிவிட்டது. டிரைவரை மாற்றும்போது அது அப்படித்தான் ஒரு முறை இருட்டாகி வெளிச்சமாகும், இணையதளத்திலேயே எழுதியிருந்தது, நானும் படித்திருந்தேன். ஆனால் உன் அப்பா லிஃப்ட் மெக்கானிக். எது தாறுமாறாகப் போனாலும் முதலில் மெயினை அணை என்பது அவர் கையில் ஊறிப்போனது. நான் வாயைத் திறப்பதற்குள் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். உன் லேப்டாப் பேட்டரிதான் எப்போதோ செத்துப்போனதே, வயர் போனதும் எல்லாம் போயிற்று.

மறுபடி போட்டால், எழுத்தெல்லாம் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக வருகிறது. திரையில் நாலு சின்னங்கள்தான் தெரிகின்றன. பல் சாஃப்ட்வேரைத் திறந்தால் கிராஃபிக்ஸ் கார்டே இல்லை என்கிறது. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பாவே, "லிஃப்ட்ல அப்படித்தான் பண்ணுவோம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கேட்காமலேயே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். அப்படியே குடித்தேன். அன்றைக்குத்தான் அண்ணன் போன் பண்ணி நீ டிக்கெட் பார்த்த கதையைச் சொன்னான். உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றிவிட்டது, அவள் சொல்வது சரிதானோ, நமக்கு இது ஆகாதோ என்று. அந்த ஒரு நிமிஷத்தோடு சரி. முடியுமா முடியாதா என்று நான் சொல்லவேண்டும், நீயும் அண்ணனும் கூடிப் பேசி முடிவு பண்ணுவதற்கு இது என்ன பஞ்சாயத்தா?

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போன் பண்ணினேன். எடுத்த பெண் பொறுமைசாலி. "பாதியில நின்ன டிரைவரை முழுசா எடுத்துட்டுத்தான் புதுசைப் போடணும்மா, அதுமேலேயே போட்டா மறுபடி சண்டை பிடிக்கும்" என்றாள். பழைய சிமெண்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்காமல் புதுக் கேப்பை ஒட்டினால் நிற்குமா, எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. சேஃப் மோட் என்று ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டர் தனக்கு அத்தியாவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு விழிக்கும். அதில் போய், பழையதையும் பாதியில் நின்றதையும் நீக்கினேன். நடுவில் அதுவாகவே எதையாவது இறக்கிக்கொள்ளாமல் இருக்க வைஃபையை அணைத்து வைத்தேன். பிறகு புதியதை, சுத்தமாக நிறுவு என்ற கட்டத்தில் டிக் போட்டு ஆரம்பித்தேன். இந்தத் தடவை அப்பாவின் கையை என் கைக்குள் பிடித்துக்கொண்டேன். திரை கருப்பானது. "இருட்டாயிடுச்சு, இருட்டாயிடுச்சு" என்று அவர் கை துடிக்கிறது, விடவே இல்லையே நான். வெளிச்சம் வந்தது. எழுத்தெல்லாம் பழையபடி சின்னதாகி, படம் பளிச்சென்று நின்றது. இவ்வளவு வருஷம் கழித்து இரண்டு பேரும் கைகோத்து உட்கார்ந்திருந்ததற்கு உன் லேப்டாப்புக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சிரிக்காதே.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. இப்போது பெட்டி வரவில்லை, ஆனால் பல்லைத் திருப்பினால் திக்கித் திக்கித்தான் திரும்புகிறது. டிரைவரை மறுபடி எடுத்து மறுபடி போட்டேன், அதே கதை. அண்ணன் மகன் வேறு அன்றைக்கு வந்திருந்தான், முன்பல் விழுந்துவிட்டதாம், பாட்டி மெழுகில் ஒன்று செய்து கொடு, ஒட்டிக்கொள்கிறேன் என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். அதுவே முளைக்கும் போடா என்று துரத்திவிட்டுத் திரும்பினால், வீடு அமைதியாக இருக்கிறது. அப்போதுதான் உறைத்தது. நீ விளையாடும்போது இந்த லேப்டாப்பின் ஃபேன் போடுகிற இரைச்சலில் சமையலறையில் குக்கர் விசில்கூடக் காதில் விழாது. எத்தனை முறை கத்தியிருப்பேன். இப்போது இவ்வளவு பெரிய படத்தைத் திருப்புகிறேன், ஃபேன் மூச்சுக்கூட விடவில்லை. அப்படியென்றால் உன் பெரிய கார்டு வேலையே செய்யவில்லை. தேடிப் பார்த்தால், இதற்குள் கிராஃபிக்ஸ் இரண்டு இருக்கிறது. மின்சாரம் மிச்சம் பிடிக்கச் சின்னது ஒன்று, கனமான வேலைக்குப் பெரியது ஒன்று. உன் கேம்களெல்லாம் பெரியதன் பெயரில் இருக்கின்றன, என் பல் சாஃப்ட்வேரை அதுவாகவே சின்னதிடம் தள்ளிவிட்டிருக்கிறது. எங்கள் லேபுக்குக் கேஸ் அனுப்பும் டாக்டரம்மா அடிக்கடி சொல்வார்கள், வலி என்று நோயாளி மேல் பல்லைப் பிடித்துக்கொண்டு வருவார், சொத்தை கீழே இருக்கும் என்று. நானும் நாளெல்லாம் மேல் பல்லையே குடைந்துகொண்டிருந்திருக்கிறேன். செட்டிங்ஸில் போய் என் சாஃப்ட்வேரைப் பெரியதற்கு மாற்றிக் கொடுத்தேன். ஃபேன் ஊளையிட ஆரம்பித்தது பார், அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்படுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. பல் வெண்ணெய் மாதிரி சுழன்றது.

கேஸை முடித்துக் கொடுத்தேன். முதல் தடவை கடி கொஞ்சம் உயரம் என்று நானே கண்டுபிடித்துத் திரும்பத் திருத்தினேன், கை செய்ததைக் கண் செய்யப் பழகவேண்டும், அது ஒன்றும் மந்திரமில்லை. மெஷினில் கடைந்து வந்த பல்லைப் பார்த்தபோது மட்டும் மனசுக்குள் ஒரு மாதிரி இருந்தது, என் விரல் ஒரு இடத்திலும் படாமல் என் பல். நேற்று டாக்டரம்மா லேபுக்கே போன் பண்ணியிருக்கிறார்கள். "எங்கேயும் தேய்க்க வேண்டியிருக்கல, வச்சதும் உட்கார்ந்துடுச்சு, யார் பண்ணது?" என்று கேட்டார்களாம். முதலாளியம்மா என் டேபிளுக்கு வந்து, "திங்கட்கிழமையிலேர்ந்து ஸ்கேன் கேஸெல்லாம் உங்ககிட்டதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் சரிங்க என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்துதான் அப்பாவிடம் சத்தம்போட்டுச் சொன்னேன். அவர் உடனே அவருடைய லிஃப்ட் ஆட்களுக்கெல்லாம் போன் போட்டு, டிரைவரை அவரே மாற்றிய மாதிரி அளந்துகொண்டிருக்கிறார்.

ஆக, எனக்கு வேலை போகவில்லை. இனிமேல் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் பார்த்துக்கொள்வேன். இப்போது நான் கேட்கப்போவதற்கு யோசித்துப் பதில் சொல். போன மாதத்திலிருந்து நீ வீடியோவில் முகம் காட்டுவதில்லை, வெறும் குரல்தான். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்கிறாய், என்ன சாப்பிட்டாய் என்றால் சிக்னல் போய்விடுகிறது. அங்கே கூட வேலை செய்கிறவர்களைப் பற்றி முன்பெல்லாம் நாளுக்கொரு கதை சொல்வாய், இப்போது ஒருவர் பேரும் வருவதில்லை. அம்மாவால் முடியாது என்று அண்ணனிடம் சொன்னாயே, அது என்னைப் பற்றிச் சொன்னதுதானா? டிரைவரை மாற்றும்போதெல்லாம் இதுதான் என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. இதை நான் முடிக்காமல் விட்டிருந்தால், அம்மாவுக்காக வந்தேன் என்று நீயும் சொல்லியிருப்பாய், நாங்களும் நம்பியிருப்போம், உனக்கு அங்கே என்ன ஆனது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

அதனால்தான் விடாப்பிடியாக நின்றேன். இனி என் வேலையைக் காரணம் சொல்ல முடியாது. அங்கே இருக்க உனக்குப் பிடித்திருந்தால், டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு நிமிர்ந்து நில், வாரத்துக்கு ஒரு முறை முகம் காட்டு. இருக்க முடியவில்லை என்றால் அதையும் சொல், வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த டிக்கெட்டிலேயே வா, ஏன் எதற்கு என்று வீட்டில் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள், திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டில் எதுவானாலும் உனக்காகச் செய். உன் குரலைக் கேட்காமல் நாளைக்கு நான் லேபுக்குக் கிளம்பப்போவதில்லை. நல்லா இரு, தைரியமா இரு. அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு சேர்ந்ததுதான். மறக்காமல் கேமராவைப் போட்டுவிட்டுப் பேசு, அழுதுகொண்டு பேசினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா