ஒளித்த கட்டையும் நகர்ந்த முள்ளும்

டேய்,

பம்ப் ஸ்டவ்வில் செப்புத் தகடு காய்கிற வாடை வீடு முழுக்க. "சோறு வடிக்கிற அடுப்புல என்னடா கூத்து?" என்று அம்மா கத்துகிறாள். உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த வாடை விடமாட்டேன் என்கிறது.

பள்ளிக் கண்காட்சிக்கென்று ஒரு மாதம் முன்பே நீ எழுதிவைத்த அட்டை: 'சூரிய ஒளியில் நீர் பிரியும்.' "மாத்துடா, நீர்க்கடுப்புக்காரன் எல்லாம் பஸ் புடிச்சு அரியலூர் வந்துருவான்" என்றேன். நீ மாற்றவில்லை. வெயிலை வைத்தே தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனை எடுக்க வேண்டும், உனக்கு வேறு நினைப்பே இல்லை.

முதலில் வெள்ளைப் பெயின்ட் பொடி. ஒன்றும் நடக்கவில்லை. "வந்த வெளிச்சத்த வாசல்லயே திருப்பி அனுப்பிடுதுடா. செவப்புன்னா நீலம், பச்சை ரெண்டையும் முழுங்கும்" என்றாய். செம்பைச் சுட்டோம், கறுத்தது. அவசரப்பட்டு நான் தண்ணீரில் போட்டேன். கறுப்பு அப்படியே ஒட்டிக்கொண்டது.

"ஆறவுடுடா எரும, தானா உரியும்."

அடுத்த தகட்டை ஆறவிட்டோம். கறுப்பு செதில் செதிலாக உரிய, உள்ளே செங்கல் சிவப்பு! அதையும் சுடாத இன்னொரு செப்புத் தகட்டையும் உப்புத் தண்ணீரில் இறக்கி வெயிலில் வைத்தாய். குமிழி வரவில்லை. உன் முகம் தொங்கிவிட்டது.

நீ தண்ணீர் குடிக்கப் போன நேரம். ஒளியைத் தேடியவனுக்காக நான் இரண்டு டார்ச் பேட்டரிக் கட்டையைத் தகடுகளோடு ஒயரில் இணைத்து ஒளித்தேன், மேசைத் துணிக்குள். நீ திரும்பி வந்தபோது தகடு முழுக்கப் பொடிக் குமிழி. "வருதுடா! ஹைட்ரஜன்டா!" என்னைத் தூக்கிச் சுற்றினாய். நாளைக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன்.

மறுநாள் நீ காமாலையோடு பெரம்பலூர் ஆஸ்பத்திரியில். "சிஸ்டர், இவனும் நானும் வெயில வச்சே தண்ணியப் பிரிச்சிட்டோம்" என்று நர்ஸிடம் பெருமையடித்தாய். வாயைத் திறந்தேன். "ஆமாங்க சிஸ்டர்" என்றுதான் வந்தது. பத்தே நாளில் நீ போய்விட்டாய்.

இப்போது கேள். இன்று கட்டை இல்லை, சத்தியமாக. அதே சிவப்புத் தகடு, அதே உப்புத் தண்ணீர், சாரிடம் கெஞ்சி வாங்கிய, துளி மின்சாரத்தையும் காட்டுகிற கால்வனாமீட்டர். முள் நகர்ந்ததுடா! கையால் வெயிலை மறைத்தேன், இறங்கியது. எடுத்தேன், ஏறியது. இருபது தடவை செய்திருப்பேன். குமிழி மட்டும் இல்லை. நிறம் இன்னும் சரியாக அமையவில்லைபோல. அதனால்தான் இன்னொரு தகடு காய்கிறது.

நாளை கண்காட்சி. உன் அட்டைக்குக் கீழே எழுதிவிட்டேன்: 'முள் நகர்கிறது. குமிழி இன்னும் வரவில்லை.'

அன்றைய குமிழி என் திருட்டுடா. இந்த முள் உன்னுடையது.