அலமாரி மேல் இருந்த பெட்டி

மகாராணிக்கு,

தோள்பட்டைப் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டேன். சாவி செருப்பு அலமாரியில் இருக்கிறது. சாதம் குழைந்ததற்கு உடைந்த தோளைக் குறை சொல்லாதே. அது என் பழைய திறமை.

"மேல இருந்து எதையோ எடுக்கப் போறதா நெனச்சுக் கையைத் தூக்குங்க சார்" என்கிறார் பயிற்சி கொடுப்பவர். உன்னோடு சண்டை போட்டு, வீட்டை விட்டே போகிறேன் பேர்வழி என்று, துணி அலமாரி மேலிருந்த பெட்டியை எடுக்க உருளும் நாற்காலியில் ஏறி விழுந்த வீரன் வேறு எதை நினைப்பான்?

இன்று காலை தரையில் நின்றபடியே பெட்டியைத் தொட்டுவிட்டேன். அன்றைக்கு நாற்காலியே தேவைப்பட்டிருக்காது. கோபத்தில் உயரம்கூட மறந்துபோகிறது.

பி.கு.: பெட்டியைக் காணோமே என்று பதறாதே. எனக்கு எட்டாதபடி சுவரோரமாகத் தள்ளிவைத்துவிட்டேன்.