ஜில்லென்றிருந்த கல்

1987 ஜூலை 6, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோல் காட்டி ஏமாற்றியது. தண்ணீர் லாரியும் வரவில்லை.

ரெஜினா வந்தாள். கல்லூரியில் நிலவியல் நடத்துகிற மகளுக்கு அப்பாவின் கல்மேல் இப்போதுதான் கண் பட்டிருக்கிறது. ஆவடி குவார்ட்டர்ஸ் கிணற்றடியில் வானத்திலிருந்து விழுந்தது என்று அவர் கடைசிவரை சொன்ன கல்.

"மேலே கருகின தோல் இருந்திருக்கணுமே மம்மி. எங்கே?"

நான்தான் தேய்த்தேன். புளி, செங்கல் தூள். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ், பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளோடு. ஷோகேஸில் அழுக்கை வைப்பார்களா?

தலையில் கை வைத்துக்கொண்டாள். இனி அறுத்து உள்ளே பார்த்தால்தான் தெரியுமாம். முடியாது என்றேன்.

ஜூலை 9, வியாழன்

கொழுந்தன் சவரி வந்தான், மனைவியோடு. ஃபவுண்டரி சூப்பர்வைசர். அவன் தமிழைத் திருத்தி அலுத்துவிட்டது.

"இன்னா அண்ணி, அந்தக் கசடு இன்னும் ஷோகேஸ்லதான் கீதா? எங்க உலைலேர்ந்து லோடு லோடா கொட்றோம், ரெண்டு அனுப்பட்டா? வானத்துலேர்ந்து எரிஞ்சிகினு வந்தது கையில ஜில்லுன்னு இருந்துச்சாம்! ஐஸ் வண்டிக்காரன் போட்டத எடுத்துகினு வந்திருப்பாரு அண்ணன்."

அவன் மனைவியும் சிரித்தாள். என் காப்பியைக் குடித்துக்கொண்டே.

சுட்டது என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனிதர்?

26-ம் தேதி அவருக்கு நினைவுப் பூசை. எல்லாரும் சாப்பிட வருவார்கள். மறுபடி சிரிப்பார்கள்.

எதிர் வீட்டுக்குப் போய் ரெஜினாவுக்கு போன். அறுக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 15, புதன்

கல்லூரிக்குப் போனேன். பஸ்ஸில் நின்றபடி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். குட்டிக் குட்டிப் படிகங்கள். நடுவில் மக்னீசியமாம், ஓரம் போகப் போக இரும்பாம். வெங்காயம்போல் படிந்து படிந்து.

"அப்ப வானத்துக் கல்தானே?"

"அவசரப்படாதீங்க மம்மி."

இன்னொரு தகட்டை வைத்தாள். கல்லூரியில் அவர்களே உலையில் உருக்கி வளர்த்த படிகம். அதே வளையம்! உருகினது ஆறும்போது இப்படித்தான் வளருமாம், எங்கே ஆறினாலும். சவரியின் கசடிலும் இருக்குமாம்.

கல்லுக்குள் உலோகப் பொட்டுகள் இருக்கின்றன. அவைதான் சாட்சி. வேறு ஊர்க் கருவிக்கு அனுப்பியிருக்கிறாள். காத்திருக்கணும்.

ஜூலை 19, ஞாயிறு

பால் பொங்கி அடுப்பெல்லாம். ஜெபமாலையில் எந்த மணி என்று மறந்து, திரும்ப முதலிலிருந்து. ஷோகேஸில் கல் இருந்த இடத்தில் வட்டமாகத் தடம். துடைத்தேன். சாயங்காலம் மறுபடி துடைத்தேன்.

ஜூலை 24, வெள்ளி

எதிர் வீட்டுக்கு போன் வந்தது. செருப்பில்லாமல் ஓடினேன்.

உலோகத்தில் நிக்கல். பொட்டின் ஓரத்தில் அதிகம், நடுவில் குறைவு. "லட்சக்கணக்கான வருஷம் மெதுவா ஆறினாத்தான் இப்படி வரும் மம்மி. எந்த உலையிலயும் முடியாது. விண்கல்தான்."

எதிர் வீட்டு அம்மாள் பக்கத்திலேயே நின்றாள். நான் அழவில்லை. போனை வைத்துவிட்டு அவளிடம் கத்தரிக்காய் விலை கேட்டேன்.

வாசல்வரை வந்த நான் திரும்பிப் போய் ரெஜினாவுக்கு மறுபடி போன். சூடு? அதைக் கேட்க மறந்திருந்தேன்.

"மேல்தோல் மட்டும்தான் கருகும். உள்ளே ஆகாயத்துக் குளிர் அப்படியே இருக்கும். விழுந்த உடனே தொட்டாக்கூட ஜில்லுன்னு இருக்கலாம்."

ஜூலை 26, ஞாயிறு

பூசை நன்றாக நடந்தது. கறியில் உப்பு ஒரு கல் கூடுதல். அறுத்த பாதி ஷோகேஸில், பழைய இடத்தில்.

ரெஜினா சொன்னதையெல்லாம் சவரி கேட்டான். அறுத்த முகத்தை விரலால் தடவினான். பிறகு நேரே பங்குச் சாமியாரிடம் போய்:

"எங்க அண்ணன் அப்பவே சொன்னாரு ஃபாதர், நாங்கதான் நம்பல. கையில எடுத்தா நெருப்பா சுட்டுச்சாம்!"

பாயசக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சரியாச் சொல்லு, சவரி. ஜில்லுன்னு இருந்தது."