மாப்பிள்ளைக்காக மாறிய பேச்சு

மும்பைச் செம்பூரைச் சக்கரவர்த்தி போல ஆண்டுவிட்டு, இப்போது மேலே யாரையோ அதிகாரம் செய்துகொண்டிருக்கும் என் அண்ணாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகி, போன வாரம் உன் வருஷாப்திகம் முடிந்தது. வேல்ஸிலிருந்து உன் மகள் ரஞ்சனி, வெல்ஷ்காரரான உன் மாப்பிள்ளை கேரத், பேத்தி செரன் மூவரும் வந்திருந்தார்கள். நீ இல்லாத ஹால் ஆஸாத் மைதானம் அளவுக்குப் பெரிதாகிவிட்டது.

நம் வீட்டு வழக்கம் தெரியாதவனா நீ? தமிழ் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும், மொத்த வீடும் ஹிந்திக்குத் தாவும். பக்கத்து ஃப்ளாட் குல்கர்ணி எழுந்து போன பிறகும் மன்னியிடம் ஹிந்தியிலேயே காபி கேட்பாய். வீடியோ காலில் கேரத் தலை தெரிந்தால் ஆங்கிலம்தான். அதுவும் விக்டோரியா மகாராணி எழுந்து நின்று கேட்கிற ஆங்கிலம்.

மறுநாள், துக்கம் கழிந்த சுபத்துச் சாப்பாட்டில் நாங்களும் அதையே செய்தோம், ஆங்கிலத்துக்குத் தாவினோம். எங்களுக்காகக் கேரத்தும், மகளிடம் எப்போதும் பேசும் வெல்ஷை விட்டு ஆங்கிலத்துக்கு வந்தார். செரன் பாயசத்தைக் கிளறிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கேரத் அதைப் பார்த்துவிட்டு ரஞ்சனியிடம் ஏதோ சொன்னார்.

"சித்தப்பா, இவாத்துலயும் இதே கூத்துதான். வெல்ஷ் தெரியாத ஒருத்தர் வந்தா எல்லாரும் இங்கிலீஷ். அப்படியே இவரோட கஸின்ஸுக்கு வெல்ஷே வராம போயிடுத்து. தமிழ்லயே பேசுங்கோங்கறார்."

"அவருக்குப் புரியாதேடி?"

"பரவால்லையாம். வடை இருக்காம்."

கேரத் சொன்னார், வெல்ஷ் மொழிக்கு இரண்டு சகோதரி மொழிகளாம். பிரெத்தோன் கடல் தாண்டி பிரான்ஸில் இருக்கிறாள். கார்னிஷ், வீட்டில் பேச ஆளில்லாமல் அடங்கிப்போனவள். இப்போது ஜனங்கள் படித்துப் படித்து அவளை எழுப்பிப் பேசுகிறார்களாம். "போனது திரும்பி வருமா?" என்று கேட்டேன். எதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, அண்ணா.

அப்புறம் நாங்கள் போட்ட தமிழ்க் கூச்சலில் பக்கத்துத் தேவ்நார் வரை ஜன்னல்களைச் சாத்தியிருப்பார்கள். செரனும் வாயைத் திறந்தாள். அப்பாவிடம் வெல்ஷ், அம்மாவிடம் மழலைத் தமிழ். கடைசியில் உன் படத்தைக் காட்டி என்னிடம் கேட்டாள்:

"தாத்தாக்குத் தமிழ் தெரியுமா?"

எமனுக்கே கதை சொல்லி நேரம் கடத்துகிற நான், வீடியோ காலில் உன் ஆங்கிலத்தை மட்டுமே கேட்ட அவளிடம் அன்று புளுகவில்லை. உன்னைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னடி குட்டி, அங்க மழையா? ஸ்வெட்டர் போட்டுண்டயோ?" என்று உன் குரலில் இழுத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மன்னி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் செரனை வீடியோ காலில் கூப்பிடுவேன். பக்கத்தில் மாப்பிள்ளை இருந்தாலும், இங்கிலாந்து ராஜாவே வந்து சோபாவில் உட்கார்ந்தாலும், உன்னைப் போலத் தமிழில்தான் பேசுவேன். நீ எப்படிப் பேசுவாய் என்று அவளுக்குத் தெரியாமல் போக விடமாட்டேன்.

உன் குரலை வைத்துக்கொண்டிருக்கும்,
தம்பி ராமு